சில சொட்டுச் சோப்பு, 200 மீட்டர் கப்பல்

நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரத்தில் ட்வென்டே பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள பாய்ம இயக்கவியல் ஆய்வகத்தில் ஒரு எந்திரம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள், உயரம் 93 சென்டிமீட்டர். உள் உருளையின் ஆரம் 20 சென்டிமீட்டர், வெளி உருளையின் ஆரம் ஏறக்குறைய 28. நடுவில் கிடைக்கும் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் 111 லிட்டர் தண்ணீர் நிற்கும். உள் உருளை விநாடிக்கு 20 சுற்று சுற்றும்போது அதன் பரப்பு மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரை உரசிக்கொண்டு ஓடுகிறது. தண்ணீர் அதைப் பிடித்து இழுக்கிறது. அந்த இழுவை எவ்வளவு என்று அளப்பதுதான் எந்திரத்தின் வேலை.

இந்தத் தண்ணீரில் 4 சதவீதம் அளவுக்குக் காற்றுக் குமிழிகளைக் கலந்தார்கள். இழுவை 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2013-ல் வெளியான முடிவு இது. 4 சதவீதம் காற்று கலந்தால் கலவையின் அடர்த்தி 4 சதவீதம் குறையும், இழுவையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் குறைய வேண்டும். மீதிக் குறைவு முழுக்கக் குமிழிகள் கொந்தளிப்புக்குள், அதாவது தண்ணீரின் சுழல்கள் நிறைந்த கலங்கலான ஓட்டத்துக்குள், ஏதோ செய்வதால் வருகிறது.

அப்புறம் 2016-ல் டெட்லெஃப் லோசேயின் குழு இன்னொரு முடிவை வெளியிட்டது. அதே எந்திரம், அதே வேகம், அதே அளவு காற்று. ஒரே ஒரு மாற்றம்: டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்புத்தன்மையுள்ள திரவத்தைப் பத்து லட்சத்தில் 6 பங்கு சேர்த்தார்கள். கணக்குப் போட்டால் 111 லிட்டருக்கு ஒரு கிராம்கூட வராது, சில சொட்டுகள்தான். 40 சதவீதமாக இருந்த குறைவு 4 சதவீதத்துக்கு வந்து நின்றது. அதாவது அடர்த்திக் கணக்கு சொல்லும் அந்த 4 சதவீதம் மட்டும் மிஞ்சியது; குமிழிகள் செய்துகொண்டிருந்த வேலை மொத்தமும் போய்விட்டது.

வாயுவும் திரவமும் சேர்ந்து கொந்தளிக்கும் ஓட்டத்தைப் புரிந்துகொள்வது ஏன் இத்தனை கடினம் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்தச் சோதனையைத்தான்.

முதலில், குமிழியால் இழுவை குறைவதில் யாருக்கு அக்கறை? கப்பல் கட்டுகிறவர்களுக்கு. பெரிய சரக்குக் கப்பல் மெதுவாகத்தான் போகிறது. அதன் எஞ்சின் எரிக்கும் எண்ணெயில் பெரும்பங்கு, அடிப்பக்கத்தில் தண்ணீர் உரசுவதைச் சமாளிக்கவே செலவாகிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் கணக்குப்படி 2018-ல் மனிதர் வெளியிட்ட பசுங்குடில் வாயுக்களில் 2.89 சதவீதம் கப்பல் போக்குவரத்திலிருந்து வந்தது. கப்பலின் அடியில் குமிழிகளைப் பரப்பி உரசலைக் குறைக்கலாம் என்பது புதிய யோசனை இல்லை. 1973-லேயே மெக்கார்மிக், பட்டாச்சார்யா என்ற இருவர், மூழ்கிய ஒரு மாதிரி உடலைச் சுற்றிக் கம்பி சுற்றி, மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் குமிழிகளை உண்டாக்கி, இழுவை குறைவதைக் காட்டினார்கள். அதிலிருந்து ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. கப்பலுக்கு என்ன அளவுக் குமிழி வேண்டும், எவ்வளவு தூரம் அது பலன் தரும் என்பதில் இன்னும் விவாதம் தீரவில்லை.

காரணத்தைப் பார்க்கக் கொந்தளிப்பிலிருந்து தொடங்க வேண்டும். பள்ளிப் பாடநூலில் இதற்கு 'சுழற்சி ஓட்டம்' என்று பெயர். குழாயை மெதுவாகத் திறந்தால் தண்ணீர் கண்ணாடிக் கம்பிபோல அசையாமல் இறங்கும். அது வரிச்சீர் ஓட்டம். இன்னும் திருகினால் கம்பி கலங்கி, நெளிந்து, ஒளி ஊடுருவாமல் போகும். மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883-ல் இதையே கண்ணாடிக் குழாய்க்குள் செய்து பார்த்தார். தண்ணீரோடு ஒரு மெல்லிய சாயக் கோட்டை ஓடவிட்டார். மெதுவான ஓட்டத்தில் கோடு குழாய் நெடுகிலும் நேராகக் கிடந்தது. வேகம் கூடியதும் ஓரிடத்தில் சட்டென்று கலைந்து குழாய் முழுக்கச் சாயம் பரவியது. மின்பொறி வெளிச்சத்தில் பார்த்தபோது அந்தக் கலங்கல், தனித்தனிச் சுழல்களாகத் தெரிந்தது.

வேகம், குழாயின் விட்டம், பாகுநிலை (பாய்மத்தின் பிசுபிசுப்பு) மூன்றையும் சேர்த்து அவர் அமைத்த எண்தான் ரெனால்டு எண். அது 2,000-ஐ ஒட்டி வரும்போது கொந்தளிப்பு தலைகாட்டும் என்று பாடநூல்கள் சொல்லும். ஆனால் தண்ணீரை அலுங்காமல் வைத்திருந்தால் 12,000-ஐத் தாண்டியும் கோடு கலையாமல் இருந்ததை ரெனால்ட்ஸே பார்த்திருக்கிறார். சரி, கொந்தளிப்பு தானாகவே நிலைத்து நிற்கத் தொடங்கும் எண் எது? அதற்குத் துல்லியமான விடை 2011-ல்தான் வந்தது: 2,040. குழாயில் தோன்றும் ஒரு கொந்தளிப்புத் திட்டு அடங்கிப்போகும் வாய்ப்பும், அது இரண்டாகப் பிரிந்து பெருகும் வாய்ப்பும் சமமாகும் இடம் அது. வெறும் தண்ணீர், வெறும் குழாய். அந்த ஒரு எண்ணுக்கு 128 ஆண்டுகள்.

ட்வென்டே எந்திரத்தில் இந்த எண் 20 லட்சம். 200 மீட்டர் நீளக் கப்பல் 14 நாட் வேகத்தில் (மணிக்கு ஏறக்குறைய 26 கிலோமீட்டர்) போனால், கப்பலின் நீளத்தை வைத்துக் கணக்கிட்டால், 140 கோடியைத் தொடும்.

இவ்வளவு பெரிய எண்ணில் ஒவ்வொரு சுழலையும் பின்தொடர முடியாது. 1941-ல் ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மகோரோவ் வேறு வழி காட்டினார். பெரிய சுழல் உடைந்து சிறிய சுழல்களாகிறது, அவை இன்னும் சிறியவையாகின்றன, ஆற்றல் படிப்படியாகக் கீழே இறங்குகிறது. கடைசியில் பாகுநிலை அதை வெப்பமாக்கி முடித்துவைக்கிறது. எந்த விநாடியில் எந்தச் சுழல் எங்கே என்று இது சொல்லாது. ஆனால் ஒரு கிலோ தண்ணீரில் விநாடிக்கு எவ்வளவு ஆற்றல் இறங்குகிறது என்று தெரிந்தால், கடைசிச் சுழலின் அளவைச் சொல்லிவிடலாம். விநாடிக்கு ஒரு ஜூல் என்றால் அது ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர். ஒற்றைப் பாய்மத்தில் நமக்கு இருக்கும் பெரிய பிடி இது.

இப்போது காற்றைக் கலப்போம்.

குமிழியைச் சுற்றி எல்லா அளவிலும் சுழல்கள். குமிழியைவிட மிகப் பெரிய சுழல் அதை அப்படியே தூக்கிக்கொண்டு போகும். மிகச் சிறிய சுழலுக்கு அதை அசைக்கும் வலு இல்லை. குமிழியின் அளவுக்கு ஒத்த சுழல்தான் அதைப் பிடித்துப் பிய்க்கும். பரப்பு இழுவிசை குமிழியை உருண்டையாக வைத்திருக்கப் பார்க்கும். இந்த இழுபறியில் யார் வெல்வது என்ற கணக்கை 1955-ல் டச்சுப் பொறியாளர் ஹின்ஸ எழுதினார். அவர் தந்த சூத்திரத்தில் அதே ஒரு ஜூலைப் போட்டால், உடையாமல் தாக்குப்பிடிக்கும் மிகப் பெரிய குமிழியின் விட்டம் சுமார் 2.4 மில்லிமீட்டர் என்று வரும். ஆற்றலை 32 மடங்கு கூட்டினால் அது கால் பங்காகி, 0.6 மில்லிமீட்டரில் நிற்கும்.

இந்த எல்லை வெறும் தாள் கணக்கு இல்லை. உடையும் கடலலைக்குள் கலிபோர்னியாவின் கிராண்ட் டீன், டேல் ஸ்டோக்ஸ் இருவரும் குமிழிகளை எண்ணி 2002-ல் எழுதினார்கள். ஒரு மில்லிமீட்டர் ஆரத்தை ஒட்டி ஒரு திருப்பம் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேலே, அளவு இரு மடங்கானால் குமிழிகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பத்தில் ஒன்றாகிறது. அதற்குக் கீழே அந்தச் சரிவு மிகவும் தணிந்துபோகிறது. மேலே கொந்தளிப்பு பிய்க்கிறது. கீழே பரப்பு இழுவிசையின் ஆட்சி. கடல் காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சும் கணக்கிலும் இந்தக் குமிழிகளுக்குப் பங்கு இருப்பதால், இந்த வளைகோட்டைக் காலநிலை ஆய்வாளர்களும் கவனிக்கிறார்கள்.

அலை உடையும்போது கேட்கும் இரைச்சலில் பெரும்பகுதியும் குமிழிகளுடையதுதான். செம்பில் தண்ணீர் ஊற்றும்போது எழும் களகளப்பும் அப்படியே. 1933-ல் மின்னார்ட் காட்டிய உறவின்படி, ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள காற்றுக் குமிழி தண்ணீருக்குள் விநாடிக்குச் சுமார் 3,300 முறை துடிக்கிறது. குமிழி பெரிதானால் ஒலி கனக்கும். அதனால் கடலடியில் ஒலிவாங்கியைத் தொங்கவிட்டுக் குமிழிகளின் அளவைக் காதாலேயே கணிக்க முடிகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம் இது.

ஹின்ஸ சொன்னது பாதிக் கதை. குமிழி உடைகிறது என்றால் சேரவும் செய்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலால் ஊதிப் பாருங்கள். பெரிய குமிழிகள் புடைத்து எழுந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, மேலே வந்ததும் மறைந்துவிடும். அதே டம்ளரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு மறுபடி ஊதினால், குமிழிகள் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கியடித்து நிற்கும்; சேரவே மறுக்கும்.

அந்த டம்ளரில் நடப்பது இதுதான். இரண்டு குமிழிகள் நெருங்கும்போது நடுவில் ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் மாட்டிக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் பக்கவாட்டில் வடிந்து, படலம் சில பத்து நானோமீட்டர் அளவுக்கு மெலிந்தால்தான் கிழியும், குமிழிகள் ஒன்றாகும். சோப்பு மூலக்கூறுகள் படலத்தின் இருபுறமும் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வடியும்போது அவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். சோப்பு குறைந்த இடத்தில் பரப்பு இழுவிசை கூடும், கூடிய இழுவிசை பரப்பைத் திரும்ப உள்ளே இழுக்கும். வடிதல் தடைபடுகிறது. படலம் கிழிவதற்குள் இன்னொரு சுழல் வந்து இரண்டையும் பிரித்துக்கொண்டு போய்விடுகிறது.

ட்வென்டேயில் சோப்பு செய்தது இதைத்தான். குமிழிகள் சேர முடியாமல் பொடிப்பொடியாக நின்றுவிட்டன. பொடிக் குமிழி கெட்டியான உருண்டை, எளிதில் நசுங்காது. இழுவையைக் குறைக்கச் சுவரை ஒட்டி நெளிந்து, தட்டையாகி, நீண்டு போகக்கூடிய பெரிய குமிழி வேண்டும் என்பது அந்தக் குழுவின் முடிவு. நெளியும் குமிழி சுவருக்குப் பக்கத்தில் உந்தம் கைமாறுவதைக் குலைக்கிறது என்கிறார்கள். அந்தக் குலைப்பு எப்படி நடக்கிறது என்பதன் முழு விவரம் இன்னும் கைக்கு வரவில்லை.

இங்கேதான் கடினத்தின் வேர் இருக்கிறது. கப்பலின் நீளம் 200 மீட்டர். குமிழி சேருமா சேராதா என்று தீர்மானிக்கும் படலத்தின் தடிமன் சில பத்து நானோமீட்டர். இடையே பல நூறு கோடி மடங்கு வித்தியாசம். வெறும் தண்ணீரில், கோல்மகோரோவின் கடைசிச் சுழலுக்குக் கீழே போக வேண்டிய தேவை இல்லை. அதற்குக் கீழே எல்லாம் அமைதி. குமிழி வந்துவிட்டால் அந்தத் தரை உடைந்துவிடுகிறது. சுழலைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய ஒரு படலம், மேலே இருக்கும் 200 மீட்டரின் விதியை எழுதுகிறது.

கணினியில் போட்டுவிடலாமே என்று தோன்றும். தண்ணீருக்கு மட்டுமே ரெனால்டு எண் 10 மடங்கு கூடினால், எல்லாச் சுழல்களையும் பிடிக்க, ஓட்டத்தைக் கணக்கிட வேண்டிய இடங்கள், அதாவது புள்ளிகள், ஏறக்குறைய 180 மடங்கு கூடும். 1987-ல் கிம், மோயின், மோசர் மூவரும் இரு சுவர்களுக்கு இடையிலான மிக எளிய கொந்தளிப்பு ஓட்டத்தைக் கணக்கிடவே 40 லட்சம் புள்ளிகள் எடுத்துக்கொண்டார்கள். இன்று நூற்றுக்கணக்கான குமிழிகளை அவற்றின் நெளியும் பரப்போடு சேர்த்துக் கணக்கிடுகிறார்கள், அது பெரிய சாதனை. ஆனால் அந்தக் கணக்குகளில் படலத்தின் தடிமன் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைவிடக் குறைந்தால், நிரல் தானாகவே இரண்டு குமிழிகளையும் சேர்த்துவிடும், அல்லது சேரவே கூடாது என்று முன்கூட்டியே விதி எழுதிவைக்க வேண்டும். சோப்பு தீர்மானிக்க வேண்டியதை நிரல் எழுதியவர் தீர்மானிக்கிறார். இந்த இடத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் ஆய்வுத்தாள்களைத்தான் நான் நம்பிப் படிப்பேன்.

குமிழி சும்மா மிதக்கும் பொருளும் இல்லை. மேலே ஏறும் ஒவ்வொரு குமிழியும் பின்னால் ஒரு கலங்கலை விட்டுச் செல்கிறது. 1991-ல் பிரான்சின் லான்ஸ், பத்தாய் இருவரும் அளந்து காட்டியது: குமிழிகள் எழுப்பும் கலங்கலில் ஆற்றல் இறங்கும் விதம், கோல்மகோரோவ் சொன்ன சரிவைவிட மிகச் செங்குத்தானது. ஆகவே குமிழி கலந்த ஓட்டத்தில் இரண்டு வகைக் கொந்தளிப்பு ஒன்றாக நடக்கிறது. ஒற்றைக் குமிழியின் பாதைகூட எளிதானது இல்லை. சின்னக் குமிழி நேராக ஏறும், கொஞ்சம் பெரிதானால் வளைந்து நெளிந்து ஏறும். அந்த நெளிவை லியொனார்டோ டா வின்சியே கவனித்து வரைந்திருக்கிறார். தூய நீரில் அந்த மாற்றம் 0.926 மில்லிமீட்டர் ஆரத்தில் தொடங்குகிறது என்று கணக்கும் அளவீடும் ஒத்துப்போனது 2023-ல், எராடா, எகர்ஸ் இருவரின் ஆய்வில்.

குழாய்க்குள் இன்னொரு விசித்திரம். மேல்நோக்கி ஓடும் தண்ணீரில் சின்னக் குமிழிகள் சுவரோரம் போய் ஒட்டிக்கொள்கின்றன. 1975-ல் ஜப்பானின் செரிசாவா குழு இதைப் பதிவு செய்தது. சுமார் 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை நடுவுக்கு வந்துவிடுகின்றன என்று பின்னர் டொமியாமா காட்டினார். அணு உலையிலும் எண்ணெய்க் குழாயிலும் சுவரில் வாயு இருக்கிறதா திரவம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து வெப்பம் கடத்தப்படும் விதமே மாறிவிடும். அங்கேயும் எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் கேள்வி, குமிழி எவ்வளவு பெரிது என்பதுதான்.

மறுபடி கப்பலுக்கு வருவோம். ட்வென்டே முடிவைப் படித்துவிட்டு, 'பெரிய குமிழியைப் போட்டால் போதும்' என்று முடித்துக்கொள்ள முடியாது. அமெரிக்கக் கடற்படைக்கு மெம்ஃபிஸ் நகரில் ஒரு பிரம்மாண்டமான நீர்ச்சுரங்கம் (தண்ணீரை வேகமாக ஓடவிட்டுச் சோதிக்கும் மூடிய பாதை) இருக்கிறது. அதில் கிட்டத்தட்ட 13 மீட்டர் நீளத் தட்டு ஒன்றின் மேல் விநாடிக்கு 20 மீட்டர் வரையான வேகத்தில் தண்ணீரை ஓடவிட்டு, தட்டிலிருந்து காற்றைப் புகுத்திச் சோதித்தார்கள். 2008-ல் வெளியான முடிவு இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, 25 சதவீதத்துக்கு மேற்பட்ட குறைவு, காற்றுப் புகும் இடத்திலிருந்து முதல் சில மீட்டர்களோடு முடிந்துவிடுகிறது. இரண்டு, பரப்பு இழுவிசையை மாற்றிப் பார்த்தும் பலனில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

இரண்டாவது முடிவு ட்வென்டேயோடு நேருக்கு நேர் மோதுவதுபோல் இருக்கிறது. என் வாசிப்பில் இரண்டும் சரி. மெம்ஃபிஸ் தட்டை ஒரு குமிழி ஒன்றிரண்டு விநாடிகளில் கடந்து போய்விடுகிறது. அந்த அவகாசத்தில் அதன் அளவை, புகும் இடத்தில் இருக்கும் கடும் உரசலே முடிவு செய்துவிடுகிறது. சேர்ந்து பெரிதாக நேரம் இல்லை. ட்வென்டேயில் அதே குமிழிகள் மூடிய இடைவெளிக்குள் திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன, உடைந்து, சேர்ந்து, மறுபடி உடைந்து ஒரு சமநிலைக்கு வருகின்றன. அங்கேதான் சோப்புக்கு வேலை இருக்கிறது. 200 மீட்டர் கப்பலின் அடியில் குமிழி செலவிடும் நேரம் அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அது மெம்ஃபிஸைப்போல நடக்குமா, ட்வென்டேயைப்போல நடக்குமா என்பது எனக்குத் தெரிந்து இந்தத் துறையின் மிக உபயோகமான கேள்வி.

மெம்ஃபிஸில் இன்னொன்றும் பார்த்தார்கள். காற்றின் அளவை ஒரு எல்லைக்கு மேல் கூட்டியதும், குமிழிகள் தனித்தனியாக இருப்பதை விட்டுச் சட்டென்று ஒரே காற்றுப் படுகையாக மாறின. உரசல் 80 சதவீதத்துக்கு மேல், தட்டின் முழு நீளத்துக்கும் குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் காற்றை அழுத்தி இறக்கவும் எரிபொருள் வேண்டும். கப்பலின் அடி 10 மீட்டர் ஆழத்தில் இருந்தால், தண்ணீரின் அழுத்தத்தை வெல்லவே ஒரு வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தம் தேவை. 2010-ல் மிட்சுபிஷி கட்டிய யாமதாய் என்ற சரக்குக் கப்பலில் இந்த ஏற்பாடு முதலில் நிரந்தரமாக வந்ததற்கு அதன் வடிவம் ஒரு காரணம்: அகலமான தட்டை அடி, ஆழமும் குறைவு.

கடைசியாக உப்பு. ஆய்வகங்களில் பெரும்பாலும் நன்னீர்தான் ஓடுகிறது. கடலிலோ லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. சாதாரண உப்பு லிட்டருக்கு ஐந்தாறு கிராமைத் தாண்டினாலே குமிழிகள் சேர்வது குறைந்துவிடும் என்பது நெடுநாளாகத் தெரிந்தது. ஆற்று நுரை சட்டென்று அடங்குவதற்கும், கடலலை உடைந்த இடம் சற்று நேரம் பால்போல் வெளுத்து நிற்பதற்கும் இதுவும் ஒரு காரணம். எல்லா உப்பும் இப்படிச் செய்வதில்லை. சில உப்புகளுக்குக் குமிழி அசைந்துகொடுப்பதே இல்லை. ஏன் இந்தப் பாகுபாடு என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விளக்கம் இல்லை. ட்வென்டே எந்திரத்தில் அண்மையில் சோப்புக்குப் பதிலாக உப்புகளைக் கரைத்து அதே இழுவையை அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள். எந்த உப்பு, எவ்வளவு என்பதைப் பொறுத்துக் குமிழியின் பலன் கூடவும் செய்கிறது, குறையவும் செய்கிறது.